கண்ணாடியா, பெட் பாட்டிலா? சோடா கம்பெனி நடத்தும் வாசகிக்கு ஒரு பதில்

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் தாத்தா காலத்திலிருந்து சோடா, கலர் கம்பெனி நடத்திவரும் குடும்பத்தைச் சேர்ந்த வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அப்பா மறைந்தபின் அவரும் தம்பியும் சேர்ந்து தொழிலை நடத்துகிறார்கள். பன்னீர் சோடா, ஆரஞ்சு, லெமன் ஆகிய மூன்றையும் 200 மி.லி. கண்ணாடி பாட்டிலில் அடைத்து, 24 பாட்டில் கொண்ட கிரேட்டுகளில் அனுப்பி, காலி பாட்டில்களைத் திரும்ப எடுத்துவந்து கழுவி மீண்டும் நிரப்புகிறார்கள். விற்பனையில் மூன்றில் இரண்டு பங்கு 40 கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள பெட்டிக்கடைகளிலும் டீக்கடைகளிலும் நடக்கிறது. மீதி ஒரு பங்கு, நான்கு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வெளிமாவட்ட ஏஜென்டுகள் வழியாக 200 கிலோமீட்டருக்கு அப்பால் போகிறது. பெரிய நிறுவனங்களின் பத்து ரூபாய் பெட் பாட்டில் (ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பாட்டில்) எல்லாக் கடைகளிலும் வந்துவிட்ட நிலையில், காலி பாட்டிலைத் தேடிப் போகும் செலவு தாங்கவில்லை என்றும், வங்கிக் கடன் வாங்கி பாட்டில் ஊதும் இயந்திரம் போட்டு முழுவதும் பெட் பாட்டிலுக்கு மாறிவிடலாம் என்றும் தம்பி சொல்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள், ஊரையே குப்பையாக்காதீர்கள் என்று தடுக்கிறாள். கழுவும் பிரிவில் ஒன்பது பெண்கள் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார்கள். வாசகி தம் கணக்கு விவரங்களையும் இணைத்து, முழுவதும் மாறுவது சரியா, சிறு நிறுவனத்துக்குப் பிளாஸ்டிக் பொறுப்பு எதுவும் இல்லை என்று ஆடிட்டர் சொல்வது உண்மையா, கிரேட் டெபாசிட்டை உயர்த்தினால் கடைக்காரர்கள் விலகிவிடுவார்களா, பெட் பாட்டிலில் “சுற்றுச்சூழலுக்கு உகந்தது” என்று அச்சிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்கு விவரங்களை மறைக்காமல் அனுப்பியதற்கு நன்றி. உங்கள் கேள்வி கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்கும் இடையிலான போட்டியாகவே வீட்டில் பேசப்பட்டிருக்கிறது. ஆனால் உங்கள் தாள்களைப் படித்தபோது எனக்குத் தெரிந்தது வேறு. நீங்கள் இரண்டு வெவ்வேறு தொழில்களை ஒரே பேரேட்டில் எழுதிவருகிறீர்கள். அருகிலுள்ள லைன்களில், அதாவது வண்டி போய்வரும் விற்பனைத் தடங்களில் நடப்பது ஒன்று, வெளிமாவட்டத்தில் நடப்பது இன்னொன்று. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்ததால்தான் தம்பியின் முடிவு நியாயமாகத் தோன்றுகிறது.

சராசரிக்குள் மறைந்திருக்கும் கணக்கு

திரும்பி வரும் பாட்டிலின் பொருளாதாரம் ஒரே ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது. நூறு பாட்டில் வெளியே போனால் எத்தனை திரும்பி வரவில்லை என்பதே அந்த எண். நூற்றுக்கு நான்கு தொலைந்தால் ஒரு பாட்டில் சராசரியாக 25 முறை நிரப்பப்படுகிறது. பத்து தொலைந்தால் பத்து முறை. இருபது தொலைந்தால் வெறும் ஐந்து முறை. 96-க்கும் 90-க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று காதுக்குத் தோன்றும், ஆனால் பாட்டிலின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். புதிய பாட்டில் 11 ரூபாய். அருகிலுள்ள லைன்களில் நூற்றுக்கு 96 திரும்புகின்றன. எனவே ஒரு நிரப்புக்குப் பாட்டில் தேய்மானம் 44 காசு. கழுவும் செலவு 50 காசு, காலி எடுத்துவரும் செலவு 25 காசு. மொத்தம் 1.19 ரூபாய். வெளிமாவட்ட ஏஜென்டுகளிடமிருந்து 78 மட்டுமே திரும்புகின்றன, தேய்மானம் 2.42 ரூபாய், கழுவுதல் அதே 50 காசு, காலி வண்டிக் கூலி 1.12 ரூபாய். மொத்தம் 4.04 ரூபாய். விற்பனை விகிதப்படி இரண்டையும் சராசரி செய்தால் 2.14 ரூபாய் வருகிறது. தம்பி கணக்கிட்ட பெட் பாட்டில் செலவு 1.90 ரூபாய். ஒரு பாட்டிலுக்கு 24 காசு மிச்சம் என்று அவர் சொல்வது கூட்டல் பிழையில்லாத கணக்குதான்.

ஆனால் அருகிலுள்ள லைன்களில் 1.19 ரூபாய் கண்ணாடியை விட்டுவிட்டு 1.90 ரூபாய் பெட் பாட்டிலுக்குப் போனால் ஒவ்வொரு பாட்டிலிலும் 71 காசு இழக்கிறீர்கள். அந்த இழப்பை வெளிமாவட்டத்தில் கிடைக்கும் 2.14 ரூபாய் மிச்சம் மூடி மறைக்கிறது. அருகில் கண்ணாடியையே வைத்துக்கொண்டு தொலைவுக்கு மட்டும் பெட் பாட்டிலைப் பயன்படுத்தினால் சராசரிச் செலவு 1.43 ரூபாயாக இறங்குகிறது; மிச்சம் 24 காசு அல்ல, 71 காசு. விலையைப் பத்து ரூபாய்க்குள் நிறுத்தியாக வேண்டிய, 40 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிற ஒரு பொருளில் இந்த வித்தியாசம் தொழிலைக் காப்பாற்றக்கூடியது.

தொலைவான ஏஜென்டுகளைக் கெஞ்சிக் கேட்டுத் திரும்பும் அளவை 90 ஆக உயர்த்தினாலும் அங்கே கண்ணாடியின் செலவு 2.72 ரூபாய்க்குக் கீழே வராது. அதேபோல், அருகிலுள்ள லைன்களிலும் என்றைக்காவது நூற்றுக்குப் பத்துக்கு மேல் தொலையத் தொடங்கினால் கண்ணாடி அங்கேயும் தோற்கும். ஆகவே லைன் வாரியாக, மாதந்தோறும் அந்த ஓர் எண்ணை எழுதிவாருங்கள். இதுவரை நீங்கள் ஆண்டு இறுதியில் ஒட்டுமொத்தமாக மட்டுமே எண்ணியிருக்கிறீர்கள்.

மகள் சொல்வதிலும் ஒரு திருத்தம் வேண்டும்

உங்கள் மகளின் அக்கறையை மதிக்கிறேன், அது இந்த முடிவில் இடம்பெற வேண்டும் என்றும் விரும்புகிறேன். ஆனால் கண்ணாடி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பது எல்லா இடத்திலும் உண்மையல்ல. கண்ணாடியை உருக்கும் உலை சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் எரிகிறது. அந்த எரிபொருளுக்கு நியாயம் கிடைப்பது பாட்டில் பலமுறை திரும்பி வரும்போதுதான். உங்கள் பாட்டிலின் எடை 320 கிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கிரேட்டில் ஏறத்தாழ ஏழே முக்கால் கிலோ கண்ணாடி. அதற்குள்ளிருக்கும் பானம் ஐந்து கிலோகூட இல்லை. இந்தக் கண்ணாடியை 200 கிலோமீட்டர் சுமந்துபோய், அதே தூரம் திரும்பச் சுமந்துவந்து, நாலைந்து முறையிலேயே அதைப் பழைய சாமான் கடைக்கு இழந்துவிடுவது டீசலுக்கும் இழப்பு, உலைக்கும் இழப்பு. அதே எண்ணிக்கைக்குப் பெட் பாட்டிலின் எடை கிரேட்டுக்குச் சுமார் 300 கிராம்தான். தொலைவான சந்தையில் பெட் பாட்டிலுக்குப் போவதில் குற்றவுணர்வு தேவையில்லை.

அருகிலுள்ள லைன்களில் நிலைமை நேர்மாறானது. குட்டி யானை வண்டி சரக்கை இறக்கிவிட்டு எப்படியும் கம்பெனிக்குத் திரும்பத்தான் வேண்டும். காலி கிரேட் அதில் வருகிறது. 25 முறை சுற்றும் பாட்டில் 25 பிளாஸ்டிக் பாட்டில்களை உங்கள் ஊர்க் கண்மாய்க்கும் வாய்க்காலுக்கும் போகாமல் தடுக்கிறது. நிர்வாகப் படிப்புகளில் இதை ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ் என்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் இன்று பணம் செலவழித்து உருவாக்கப் பார்க்கும் ஏற்பாட்டை உங்கள் தாத்தா எந்தப் பெயரும் வைக்காமல் நடத்தியிருக்கிறார். அதைக் கலைப்பது எளிது. ஆனால் பாட்டிலைத் திருப்பித் தரும் பழக்கம் கடைக்காரர்களிடம் ஒருமுறை விட்டுப்போனால் மீண்டும் கொண்டுவருவது மிகக் கடினம். இந்த இழப்பு தம்பியின் தாளில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டில் கழுவிய காஸ்டிக் சோடா நீர் பின்புற ஓடையில் போகிறது என்று கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான். வெளியேற்றும் நீரின் பிஎச் அளவு (அமிலத்தன்மை, காரத்தன்மையைக் காட்டும் எண்) 5.5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. காஸ்டிக் கரைசல் அதற்கு வெகு மேலே நிற்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் இசைவாணையின் நிபந்தனைகளை எடுத்துப் படியுங்கள். ஒரு புகார் போதும், கம்பெனி மூடப்படலாம். சட்டத்தை விடுங்கள், அந்த ஓடை யாருடைய கிணற்றுக்கோ போய்ச் சேர்கிறது. நடுநிலையாக்கும் தொட்டி ஒன்று கட்டுவது பெரிய செலவல்ல. கடைசி அலசல் நீரை அடுத்த சுற்றின் முதல் அலசலுக்குப் பயன்படுத்தினால் தண்ணீரும் கணிசமாகக் குறையும். விறகு பாய்லருக்குப் போகும் நீரைச் சூரிய வெந்நீர்க் கருவியில் முன்கூட்டியே சூடாக்கலாம். உங்கள் பகுதியில் வெயிலுக்குக் குறைவில்லை. இவற்றைச் செய்தபிறகுதான் கண்ணாடி நல்லது என்று மகளிடம் முழு மனதோடு சொல்ல முடியும்.

பெட் பாட்டிலுக்குப் போகும் முன் தம்பி எண்ண வேண்டியவை

பெட் பாட்டிலின் சுவர் வழியே கரியமில வாயு மெல்ல வெளியேறும்; கண்ணாடியில் அது நடப்பதில்லை. பாட்டில் சிறிதாக இருந்தால் கேஸ் இன்னும் விரைவாக இறங்கும். கண்ணாடியில் பல மாதம் தாங்கும் உங்கள் பன்னீர் சோடா, 200 மி.லி. பெட் பாட்டிலில் அவ்வளவு காலம் நிற்காது. ஏஜென்டின் குடோனில் வெயில் காலத்தில் எத்தனை நாள் தாங்குகிறது என்று சோதித்துப் பார்க்காமல் காலாவதித் தேதியை அச்சிடாதீர்கள். கேஸ் இறங்கிய சரக்கும் உங்களிடமே திரும்பிவரும். அது பணம் தராத, கீழே கொட்ட வேண்டிய வரவு.

இயந்திரம் வாங்குவதை இந்த ஆண்டு தள்ளிவையுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பாட்டில் ஊதுவதற்கு 30 முதல் 40 பார் அழுத்தக் காற்று வேண்டும். அந்தக் கம்ப்ரசரின் மின்கட்டணம் தம்பியின் 1.90 ரூபாய்க்குள் முழுமையாக வந்திருக்கிறதா என்பது எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்காக ஊதிய பாட்டில்களை வெளியிலிருந்து வாங்குவதோ, ஏற்கெனவே பெட் பாட்டில் நிரப்பும் இயந்திரம் வைத்திருக்கும் ஓர் ஆலையில் கூலிக்கு நிரப்புவதோ போதும். கடன் தவணை தொடங்கிவிட்டால், இயந்திரம் சும்மா நிற்கக்கூடாது என்பதற்காகவே அருகிலுள்ள லைன்களையும் பிளாஸ்டிக்குக்கு மாற்றுவீர்கள். அப்போது முடிவை எடுப்பது நீங்களாக இருக்காது.

பாட்டிலை நிறமற்றதாகவே வாங்குங்கள். நிறமுள்ள பாட்டிலுக்கும், பிவிசி உறை சுற்றிய பாட்டிலுக்கும் மறுசுழற்சியில் மதிப்புக் குறைவு. நிறமற்ற பெட்டுக்குப் பழைய சாமான் கடையில் விலை கிடைப்பதால்தான் குப்பை சேகரிப்போர் அதை எடுக்கிறார்கள். அவர்கள் எடுக்காததுதான் சாக்கடையில் தங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

உங்கள் ஆடிட்டர் சொன்னது பாதி சரி. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில், 2022 பிப்ரவரி 16 அன்று வெளியான திருத்தம், பிளாஸ்டிக்கில் பொருளை அடைத்துத் தம் பெயரில் விற்பவருக்கும் அந்தக் கழிவில் உள்ள பொறுப்பை விரிவாக வகுத்தது. 2024 திருத்தத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களைப் பொறுத்தவரை அந்தக் கடமை அவர்களுக்கு மூலப்பொருள் தருபவர்கள் பக்கம் நகர்த்தப்பட்டது. மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யமில் நீங்கள் சிறு நிறுவனம். 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்துக்கான வரம்பு ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாய் வரை உயர்ந்திருப்பதால் அந்த நிலை எளிதில் மாறாது. ஆனால் பொறுப்பு நகர்ந்ததே தவிர மறையவில்லை. அதன் செலவு பிரிஃபார்ம் (ஊதினால் பாட்டிலாகும் பிளாஸ்டிக் குழாய்) விலையில் ஏறி உங்களிடம் வரும். கெட்டியான பிளாஸ்டிக் பொதிகளில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கின் பங்கு 2025-26இல் 30 சதவீதம், 2028-29இல் 60 சதவீதம் என்று விதிகளின் அட்டவணை ஏறிக்கொண்டே போகிறது. இன்றைய 1.90 ரூபாய் அப்படியே நிற்கும் என்று எண்ணி ஐந்தாண்டுக் கடனில் இறங்க வேண்டாம்.

மறுபயன்பாட்டுக் கண்ணாடிக்குத் தடை வரப்போகிறது என்று ஏஜென்ட் ஒருவர் பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பொதிவிதிகள், திரும்பப் பயன்படுத்தும் கண்ணாடி பாட்டில்கள் உறுதியானவையாகவும், எளிதில் கழுவிக் கிருமி நீக்கக்கூடியவையாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. அதாவது மறுபயன்பாட்டை அனுமதித்து, சுத்தத்தைக் கேட்கின்றன. திரும்பிவரும் பாட்டிலில் யாராவது மண்ணெண்ணெயோ தின்னரோ ஊற்றி வைத்திருக்கக்கூடும். ஆகையால் கழுவும் முன் முகர்ந்து பிரிப்பதும், கழுவியபின் விளக்கொளியில் பார்ப்பதும் எவ்வளவு அவசரத்திலும் விடக்கூடாதவை.

பெட் பாட்டிலில் “சுற்றுச்சூழலுக்கு உகந்தது” என்று அச்சிடாதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இத்தகைய பொதுவான பசுமைச் சொற்களுக்கு ஆதாரமும் விளக்கமும் தேவை. கண்ணாடி பாட்டிலில் “காலி பாட்டிலைக் கடையில் திருப்பித் தாருங்கள், கழுவி மீண்டும் நிரப்புகிறோம்” என்று எழுதுங்கள். அது உண்மை, சரிபார்க்கக்கூடியது, வாங்குபவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்கிறது.

டெபாசிட்டை எப்படி உயர்த்துவது?

ஒரு கிரேட்டுக்கு நீங்கள் வாங்கும் டெபாசிட் 120 ரூபாய். அது 2008-இல் அப்பா வைத்த தொகை. இன்று 24 பாட்டிலின் விலை மட்டுமே 264 ரூபாய், கிரேட் தனி. பாட்டிலைத் திருப்பித் தராமல் இருப்பதே ஏஜென்டுக்கு லாபமாக இருக்கும்போது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நீலகிரி மாவட்டத்தில், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் 2022 மே மாதம் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் தந்தால் அதைத் திருப்பித் தரும் முறை வந்தது. வனத்திலும் வழியிலும் வீசப்பட்டு வந்த பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்கே திரும்பியது. பத்து ரூபாய் என்பது குனிந்து எடுக்கத் தூண்டும் தொகை என்பதே காரணம். அதே திட்டத்தில் கடை ஊழியர்கள் கூடுதல் வேலைக்கும் இடநெருக்கடிக்கும் எதிர்ப்புத் தெரிவித்ததையும் மறக்கக்கூடாது. காலியைச் சேர்த்து வைப்பதும் ஓர் உழைப்பு.

ஆகவே ஏஜென்டுகளுக்கு டெபாசிட்டை ஒரே தடவையில் உயர்த்துங்கள். அவர்களால் தாங்க முடியும். ஒன்றிரண்டு கிரேட் மட்டும் வைத்திருக்கும் பெட்டிக்கடைகளுக்கு, ஒவ்வொரு சரக்கின்போதும் இருபது ரூபாய் என்று சேர்த்துக்கொண்டே போய் 300 ரூபாயை எட்டுங்கள். கூடவே, முழுமையாகத் திரும்பும் ஒவ்வொரு கிரேட்டுக்கும் நாலைந்து ரூபாய் தள்ளுபடி கொடுங்கள். கடைக்காரர்கள் விலகுவது பெரும்பாலும் தொகையால் அல்ல, திருப்பிக் கொடுப்பார்களா என்ற சந்தேகத்தால். டெபாசிட்டுக்குத் தனி ரசீது கொடுத்தால் அந்தச் சந்தேகம் குறையும்.

டெபாசிட்டுக்கும் ஜிஎஸ்டி கட்ட வேண்டுமோ என்ற உங்கள் பயத்துக்கு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 2(31) பிரிவிலேயே பதில் இருக்கிறது. டெபாசிட்டை நீங்கள் விலையாக எடுத்துக்கொள்ளாத வரை அது விற்பனைக்கான பணம் ஆகாது, வரியும் இல்லை. பாட்டில் வராததால் டெபாசிட்டைப் பறிமுதல் செய்யும்போது அது விலையாக மாறுகிறது, அப்போது வரி வரும். கணக்கில் அதை வருமானமாக அல்லாமல் கடன்பாடாகக் காட்டச் சொல்லுங்கள். காலி பாட்டில் ஏற்றிய வண்டிக்கு டெலிவரி சலான் போடும் பழக்கத்தையும் ஏற்படுத்துங்கள்.

கழுவும் பிரிவுப் பெண்கள்

முழுவதும் மாறினால் ஒன்பது பேருக்கும் வேலை இராது. ஓராண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து பணியாற்றியவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ தரவேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் சேர்த்துத் தரவேண்டும். பதினைந்து, இருபது ஆண்டு உழைத்தவர்களுக்கு அது சிறு தொகையல்ல, தம்பியின் திட்டத்தில் அது எழுதப்படவும் இல்லை. நான் சொல்லும் பகிர்வு முறையில் கழுவும் வேலை மூன்றில் ஒரு பங்கு குறையும். பாட்டிலை முகர்ந்து பிரிக்கவும், விளக்கொளியில் பார்க்கவும், லைன் வாரியாகக் காலி எண்ணவும் இப்போது ஆளில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால், மூவரை அந்த வேலைகளுக்கு மாற்றலாம். பாட்டிலின் விளிம்பில் விரல் வைத்தே விரிசலைக் கண்டுபிடிக்கும் அனுபவம் அவர்களிடம் இருக்கிறது.

தைக்குள் எல்லாக் கடைகளிலும் ஏஜென்டுகளிடமும் இருக்கும் கிரேட்டுகளை ஒருமுறை நேரில் எண்ணி முடியுங்கள். பங்குனி, சித்திரை விற்பனை தொடங்கிவிட்டால் அதற்கு நேரம் கிடைக்காது. எண்ணும் வேலையைத் தம்பியின் பொறுப்பில் விடுங்கள். லைன் வாரியாக எண்கள் அவர் கையாலேயே வரும்போது, இயந்திரத்தைப் பற்றிய பேச்சை அக்கா தம்பி வாதமாக இல்லாமல் கணக்காகப் பேச முடியும். அதுவரை வங்கி விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டாம். நடுநிலைத் தொட்டிக்கான வேலையை மட்டும் எண்ணிக்கைக்காகக் காத்திராமல் இந்த மாதமே தொடங்குங்கள்.